வேர்க்குருவா, முத்தா?

1

டென்மார்க்கில் கெட்ட சேதியை யாரும் கெட்ட சேதி மாதிரி சொல்வதில்லை. பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். வைகாசி தொடங்கின வாக்கில், ஒரு சனிக்கிழமை காலை, எதிர்வீட்டு ஃப்ரேயாவின் அம்மாவிடமிருந்து எனக்கு வந்த சேதியில் மூன்று பொம்மைகள் இருந்தன.

"ஃப்ரேயாவுக்குச் சின்னம்மை! கோடை விடுமுறைக்கு முன்னாடியே முடிந்துவிடும், நல்லதாகப் போயிற்று. யாழினிக்கு இன்னும் வரவில்லை என்றால் விளையாட அனுப்பி வையுங்கள், அவளுக்கும் முடிந்துவிடும்."

யாழினி எங்கள் மூத்தவள். ஐந்து வயது. ஃப்ரேயா அவளுடைய உயிர்த்தோழி. நாங்கள் அனுப்பி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் ஃப்ரேயா எங்கள் வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வந்திருந்தாள். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத எங்கள் மகனை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, மூக்கில் ஒன்று என்று நிதானமாக முத்தம் கொடுத்தாள். அதை நான்தான் படம் எடுத்தேன். 'பாசத்துக்கு ஏது தேசம்' என்று தத்துவம் வேறு எழுதி, சாயல்குடிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற குழுவில் போட்டேன். நாற்பது பேர் இதயம் அனுப்பியிருந்தார்கள்.

சேதியைப் படித்ததும் முதல் வேலையாக அந்தப் படத்தை அழித்தேன். படத்தை அழித்தால் நோய் போய்விடுமா என்று கேட்காதீர்கள். பதறினவனுக்குக் கை எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. இரண்டாவது வேலையாக, தூங்கிக்கொண்டிருந்த பச்சைப்பிள்ளையின் நெற்றியை ஈரத்துணியால் துடைத்தேன். அவன் வீறிட்டான். மனைவி தேன்மொழி எழுந்து வந்தாள்.

"என்ன பண்ணுறீங்க?"

"முத்தத்தைத் துடைக்கிறேன்."

2

மருத்துவ உதவி எண்ணைக் கூப்பிட்டேன். இந்த நாட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வேலை, வரி, வீட்டு வாடகை எல்லாவற்றையும் டேனிஷில் பேசிவிடுவேன். பயம் வந்தால் மட்டும் அந்த மொழி என்னை விட்டுவிட்டு முன்னாடி ஓடிவிடும். "என் மகனைச் சின்னம்மை முத்தமிட்டுவிட்டது" என்று அந்த நர்ஸிடம் சொன்னேன்.  அந்தம்மா பொறுமையாக, "யார் யாரை முத்தமிட்டார்கள் என்று முதலில் இருந்து சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். அதுவரை தாலாட்டு மாதிரி இருந்த அவர் குரல், பிள்ளையின் வயதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

விஷயம் இதுதான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வந்தால் அரிப்பு, காய்ச்சல், ஒரு வாரம் லீவு. ஆனால் பிறந்து ஒரு மாதத்துக்குள் இருக்கிற பிள்ளைக்கு வந்தால் அது வேறு கதை. நெஞ்சில் இறங்கலாம். மூளைக்குப் போகலாம். தாய்க்கு முன்னாடியே வந்து போயிருந்தால் அவள் ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்பில் ஒரு பங்கு பிள்ளைக்கும் வந்திருக்கும், அது அவனை ஓரளவு காப்பாற்றும். தாய்க்கு வந்ததே இல்லை என்றால் பிள்ளைக்குத் தாமதிக்காமல் ஊசி போட வேண்டும்.

"உங்கள் மனைவிக்குச் சின்னம்மை வந்திருக்கிறதா?"

நான் தேன்மொழியைப் பார்த்தேன். தேன்மொழி அவள் அம்மாவைப் பார்த்தாள். பிரசவம் பார்ப்பதற்கென்று சாயல்குடியிலிருந்து வந்து எங்களோடு இருக்கிற என் அத்தை, சுருக்கென்று நிமிர்ந்தார்.

"வந்துச்சே! மூணு வயசுல. மேலெல்லாம் முத்து முத்தா, தண்ணி கோத்து, நகம் வைக்க இடம் இல்லாம வந்துச்சு. அதுனாலதானே எந் தங்கச்சி கல்யாணத்துக்கே நான் போகல."

நான் பயந்தது அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான்.

"உங்களுக்கு?" என்று நர்ஸ் கேட்டார்.

"எனக்கா? நான் ராமநாதபுரத்துக்காரன். எல்லாமே வந்து போயிருக்கும்" என்றேன் பெருமையாக. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லித் தேன்மொழியிடம் ரத்தம் எடுத்தார்கள். முடிவு திங்கள்கிழமை என்றார்கள். "அதற்குள் ஊரில் விசாரித்து உறுதியாகத் தெரிந்துகொள்ளுங்கள், அதுவும் உதவும்" என்றார் டாக்டர். பாவம், அவருக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியாது.

3

என் அத்தைக்கு ஒரே தங்கை. எனக்குச் சின்னத்தை. இராமேஸ்வரத்தில் யாத்திரைக்கு வருகிறவர்களுக்கான லாட்ஜ் நடத்துகிறார். தாய் சிறுவயதிலேயே போய்விட்டதால், அக்காதான் தங்கச்சிக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பினவர். அந்தத் தங்கையின் கல்யாணத்தன்று தாய் ஸ்தானத்தில் மேடையில் நிற்க வேண்டிய அக்கா வரவில்லை. வர முடியவில்லை என்று ஒரு சொல் சொல்லியும் அனுப்பவில்லை. தாலி கட்டுகிற வரைக்கும் சின்னத்தை மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அத்தையின் கட்சி: வீட்டில் அம்மை போட்டிருந்தது. அம்மை வீட்டிலிருந்து சுபகாரியத்துக்கு ஆளும் போகக் கூடாது, சேதியும் போகக் கூடாது. வாசலில் வேப்பிலை செருகினால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அது மிளகாய் வெயிலில் காய்கிற காலம். அம்மை இருக்கிற வீட்டில் மிளகாய் நெடி ஆகாது என்று, களத்தில் கிடந்த முண்டு மிளகாயை எல்லாம் அள்ளிப் பங்காளி களத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அவர் சரியாகப் பார்க்காமல் அதில் பாதி பூஞ்சணம் பூத்துப்போனது.

சின்னத்தையின் கட்சி: பிள்ளைக்கு வந்தது வெறும் வேர்க்குரு. கல்யாணத்துக்கு வர மனசில்லை. அம்மன் மேல் பழியைப் போட்டுவிட்டு அக்கா வீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

முப்பது வருஷத்துக்கும் மேலாக இரண்டு பேருக்கும் நேர்ப்பேச்சு இல்லை. எந்தக் காதுகுத்து, எந்த வளைகாப்பிலும் பந்தியில் யாராவது ஒரு கிழம் "அது வேர்க்குருவா, முத்தா?" என்று ஆரம்பித்தால் போதும், சாம்பார் ஆறிப்போகும். நானும் அந்தக் கேள்வியை வைத்து அத்தையை எத்தனையோ முறை சீண்டியிருக்கிறேன். இன்றைக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டர், கையில் பேனாவோடு, அதே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டார்.

இதில் இன்னொன்றும் இருந்தது. சின்னத்தையின் மகளுக்கு வைகாசிக் கடைசியில் ராமநாதபுரத்தில் கல்யாணம். எங்களுக்கும் பத்திரிகை வந்திருந்தது. 'இந்தத் தடவை போயே தீருவேன்' என்று அத்தை கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் போடச் சொல்லி, ஒரு மாம்பழக் கலர்ப் பட்டைப் பெட்டியில் மேலாக மடித்து வைத்திருந்தார்.

4

திங்கள்கிழமை வரை பொறுக்க என்னால் முடியவில்லை. ஒரு கை தலையணையைப் பிசைந்தது, ஒரு கை சின்னத்தையின் நம்பரை அழுத்திவிட்டது.

"யாரு? டென்மார்க்கு மாப்ளயா? என்ன, நம்பரு மாறி அடிச்சுட்டீகளா?"

"இல்ல சின்னத்தை, ஒரு சந்தேகம்."

"கல்யாணத்துக்கு வர முடியாதுன்னு சொல்லத்தானே? ஒங்க வீட்டுல இப்ப யாருக்கு வேர்க்குரு?"

எடுத்த எடுப்பில் குத்து. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, ஃப்ரேயாவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்ப்பு, ஊசி, திங்கள்கிழமை. "அதான் சின்னத்தை, தேனுக்கு அப்ப வந்தது நெசமாவே அம்மைதானான்னு உங்ககிட்ட..."

"எங்கிட்டயா? அங்கன ஒங்க அத்தை இருக்காகளே, அவுகளக் கேளுங்க."

"அவுக முத்துங்கிறாக. அவுக சொல்றதை நீங்கதான் நம்ப மாட்டேங்கிறீக. அதான் எதிர்க்கட்சியையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னு."

பின்னால் யாரோ அறைச் சாவி கேட்டார்கள். "அந்தா ஆணில தொங்குது பாரு" என்று அதட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"மாப்ள, நான் கண்ணால பாக்கல. கல்யாணம் முடிஞ்சு மறுவீடு, விருந்துன்னு சுத்திட்டு ஒரு மாசம் கழிச்சுத்தான் அந்தப் பக்கம் போனேன். பிள்ளை வாசல்ல மண்ணுல வெளையாண்டுக்கிட்டு இருந்துச்சு. மூக்கு மேல ஒரு தழும்பு உண்டா, நெத்தியில ஒரு பள்ளம் உண்டா, ஒண்ணும் இல்ல. வழுவழுன்னு இருந்துச்சு. அம்மை வந்த பிள்ளை அப்பிடியா இருக்கும்?"

நான் கதவிடுக்கு வழியாகத் தேன்மொழியின் முகத்தைப் பார்த்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அழகு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்தத் தழும்பில்லாத முகம், முதல் தடவையாக எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

"அப்ப வேர்க்குருதானா சின்னத்தை?" என் குரல் உடைந்துவிட்டது. எனக்கே கேட்டது.



"பிள்ளை இப்ப பால் குடிக்கிறானா?" என்றார், வேறு குரலில்.

"குடிக்கிறான்."

"மேலு சுடுதா?"

"இல்ல."

"வச்சிருங்க. சும்மா கண்டதையும் நெனைக்காதீக." போனை வைத்துவிட்டார்.

5

திங்கள்கிழமை டாக்டரே கூப்பிட்டார். தேன்மொழியின் ரத்தத்தில் எதிர்ப்பு நன்றாகவே இருக்கிறதாம். பிள்ளைக்கும் ஒரு பங்கு போயிருக்கும், இப்போதைக்கு ஊசி வேண்டாம். ஆனால் முழுக் கவசம் என்று சொல்ல முடியாது. மூன்று வாரம் கவனமாகப் பாருங்கள், காய்ச்சலோ கொப்புளமோ கண்டால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்.

 அத்தை எழுந்துபோய் முகத்தைக் கழுவிவிட்டு, தலைமுடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி இருந்தது.

நான் சின்னத்தைக்குப் போன் போட்டேன். நல்ல சேதியைச் சொன்னேன். மூச்சு விட்டது இங்கே வரைக்கும் கேட்டது. அடுத்த நொடி பழைய குரல் திரும்பி வந்துவிட்டது.

"அது சரி மாப்ள. அம்மை எப்ப வந்துச்சுன்னு ரத்தத்துல தேதி போட்டிருக்கா? எங் கல்யாணத்துக்குப் பொறகு, பள்ளிக்கூடத்துல படிக்கையில வந்திருந்தா?"

போடவில்லை. இந்த நாட்டு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த நேரம், பார்த்தவர் பெயர் எல்லாம் போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் போடவில்லை.

6

மூன்று வாரம் கவனமாகப் பாருங்கள் என்பதை டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். அவர் என்னை மாதிரி ஆளிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பிள்ளையைக் காலையில் பார்த்தேன், மதியம் பார்த்தேன், பார்த்துவிட்டுச் சரியாகப் பார்த்தோமா என்று திரும்பப் பார்த்தேன். ஆபீஸில் கூட்டம் நடக்கும்போது எழுந்துபோய், "வயிற்றைப் படம் எடுத்து அனுப்பு" என்று தேன்மொழிக்குச் சேதி போட்டேன். கொசுக்கடி, பால் கொப்புளம், துணித் தையல் பட்ட சிவப்பு, எல்லாவற்றுக்கும் நான் நாடி பிடித்தேன். இங்கே கோடையில் இருட்டுவது பெயருக்குத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் அவன் தோல் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு நிறமாகத் தெரிந்தது.

யாழினியின் கவலை வேறு. அவள் வகுப்பில் அவளையும் இன்னொரு பிள்ளையையும் தவிர எல்லோருக்கும் வந்து போய்விட்டதாம். வராதவர்களுக்கு மரியாதை இல்லையாம். அவள் வீட்டில் டேனிஷ்தான் பேசுகிறாள்; ஏதாவது வேண்டும் என்றால் மட்டும் தமிழுக்கு வருவாள்.

"அப்பா, எனக்கு எப்ப அந்தப் பொட்டு வரும்?"

"வரவே வேண்டாம் தங்கம்."

"ஃப்ரேயாவுக்கு மட்டும் குடுத்தீங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தால், தொட்டிலில் பிள்ளை. கன்னம், நெற்றி, வயிறு எங்கும் சிவப்பு சிவப்பாக.  "தேனு! அத்தை! காரை எடுக்கணும்!" என்று அலறிக்கொண்டு, இடுப்பில் துண்டோடு கார்ச்சாவியைத் தேடி வீடு பூராவும் ஓடினேன். உதவி எண்ணுக்கு மணி போய்க்கொண்டிருந்தது.

அத்தை ஓடிவந்தார். குனிந்து பார்த்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, பிள்ளையின் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்தார்.

"மாப்ள, இந்த முத்து எச்சிலுக்கே போகுது. நீங்க போயி வேட்டியக் கட்டுங்க."

தொட்டிலுக்குக் கீழே யாழினி, மூடி திறந்த சிவப்பு ஸ்கெட்ச் பேனாவோடு. அவள் முகத்திலும் பொட்டு, கையிலும் பொட்டு. தம்பிக்கு மட்டும் இல்லாமல் இருந்தால் பாவம் என்று போட்டாளாம். "எப்படி உதவலாம்?" என்று போனில் அதே பொறுமையான குரல் கேட்டது. பேனா என்பதற்கு டேனிஷ் வார்த்தை அந்த நேரம் பார்த்து வரவில்லை. வைத்துவிட்டேன்.

7

நிஜமான பொட்டு அதற்கு மூன்றாம் நாள் வந்தது. யாழினிக்கு முதுகில் ஏழெட்டு. அவள் கண்ணாடிக்கு முன்னால் ஆடினாள். மறுநாள் காலை முகம் மழிக்கப் போன நான், தாடையில் ஒன்றைப் பார்த்தேன். பருவா? நாற்பத்தாறு வயதில் பரு வந்தால் சந்தோஷம்தான். சட்டையைக் கழற்றினேன். நெஞ்சு முழுக்க.

ஊரில் இருக்கிற அண்ணனுக்குப் போன் போட்டேன். "எனக்குச் சின்னப் பிள்ளையில அம்மை வந்துச்சுல்ல?"

"ஒனக்கா? ஏலே, வீட்டுல எங்க எல்லாருக்கும் வந்தப்ப நீ பரமக்குடி ஹாஸ்டல்ல படுத்துக் கெடந்தேல. ஒனக்கு வரவே இல்ல."

மனைவியின் முப்பது வருஷத்துச் சரித்திரத்தைக் கடல் கடந்து விசாரித்தவன், தன் கதையை ஒரு போனில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ராமநாதபுரத்துக்காரன் என்கிற ஒரே தைரியம். இப்போது வெளிக்கதவுக்குப் பக்கத்து அறையில் நான் தனியாக அடைந்தேன். காய்ச்சல் கொதித்தது. வயதாகி வந்தால் சும்மா விடாது என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். யாழினி அவள் அறையில், தேன்மொழி பிள்ளையோடு மாடியில், அத்தை நடுவில் கஞ்சிக் கிண்ணத்தோடு.

அத்தை சமையலில் தாளிப்பை நிறுத்திவிட்டார். மீன், கறி இல்லை. வேப்பிலைக்கு எங்கே போவது? வாசலில் எதையும் கட்டவில்லை. எனக்கே பதில் தெரிந்த ஒரு கேள்வியை நான் அவரிடம் கேட்டேன்.

"அத்தை, புதன்கிழமை பிளேன்."

"அம்மா இருக்குற வீட்ட விட்டு எப்பிடி மாப்ள போறது? தண்ணி ஊத்தி முடியணும்ல." கிண்ணத்தைக் கதவுக்கு வெளியே தரையில் வைத்தார். "பச்சப் பிள்ள வேற இங்கன இருக்கு. ரெண்டு பேரு போட்டுக் கெடக்கீக. அவன விட்டுட்டு நான் எந்தப் பந்தியில உக்காந்து சாப்பிட?"

"சின்னத்தைகிட்ட சொல்லியிரலாம் அத்தை. இப்ப போன் இருக்கு."

"கல்யாண வீட்டுக்கா? சேதி போகக் கூடாது மாப்ள."

அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்து அந்தப் பட்டைப் பீரோவுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

8

கல்யாணத்தன்று இங்கே காலை ஆறு மணிக்குச் சின்னத்தையிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. வந்தது எனக்கு. அத்தையின் போனுக்கு இல்லை. எடுத்ததும் மேளச் சத்தம், வாழைமரம், யாரோ ஒருவரின் காது. பிறகு சின்னத்தையின் முகம். மாலை போட்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"தாலி கட்டியாச்சு மாப்ள. வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். வரல. நீங்களும் சொல்லல, அவுகளும் சொல்லல." குரல் ஏறியது. "இந்தத் தடவ யாருக்கு வேர்க்குரு?"

சேதி போகக் கூடாதுதான். ஆனால் கேட்டால் காட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, போனைத் தூரமாகப் பிடித்தேன்.

"ஆத்தாடி!" என்றது மண்டபத்தில் ஒரு பெண் குரல். முகங்கள் வந்து மொய்த்தன. "யாரு இது?" "தேனு வீட்டுக்காரர்." "எப்பிடி இருந்த மனுசன்!" "போனை மூடுத்தா, ஒட்டிக்கிறப் போகுது." "வைஃபைல எப்பிடி மாமா ஒட்டும்?"

"சட்டையக் கழட்டுங்க மாப்ள" என்றார் சின்னத்தை.

கழற்றினேன். முந்நூறு பேர் சாப்பிட வந்த கல்யாணத்தில் என் வயிறு கை மாறிக் கை மாறிப் போனது. ஊரைச் சிரிக்க வைத்தே பேர் வாங்கினவன் நான். சொல்ல ஒரு நக்கலும் எனக்கு வாயில் வரவில்லை. போன் கடைசியில் சின்னத்தையிடமே திரும்பியது. அவர் சிரிக்கவில்லை. போனை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தார். இரண்டு கையையும் தூக்கி, என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தாயே, எம் பிள்ளைகள விட்டு எறங்கிக்க."

பக்கத்தில் இருந்த பெண்களும் கும்பிட்டார்கள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அசையாமல் இருந்தேன். அரித்தது, சொறியவில்லை.

"பச்சப் பிள்ளைக்கு?" என்றார் சின்னத்தை.

"நான் பக்கத்துல போறது இல்ல சின்னத்தை. அத்தைதான் பாக்குறாக."

"அக்காட்ட குடுங்க."

போனைக் கதவுக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, "அத்தை!" என்று கூப்பிட்டேன். காலடிச் சத்தம் வந்து நின்றது.  முப்பது வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னடி, இப்பவே மாலை வாடியிருக்கு" என்றார் அத்தை. "யாரு கட்டுனது?"

"கட்ட வேண்டியவ வரலைல்ல." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "பிள்ளையக் காட்டு."

படியேறுகிற சத்தம். மாடிக் கதவு திறந்தது. போனின் சத்தத்தை நான் முழுசாக ஏற்றி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மேளம் மாடியிலிருந்து கேட்டது. பிள்ளை ஏதோ முனகினான்.

"நெத்தியக் காட்டுக்கா. கிட்டக் கொண்டா. அந்தப் பக்கம். வயித்தக் காட்டு. கக்கத்தக் காட்டு."

 இத்தனை நாளும் நான் பார்த்த இடங்களை எல்லாம் அவரும் ஒன்று விடாமல் பார்த்தார். டாக்டர் சொன்ன கெடுவில் இன்னும் இரண்டே நாள்தான் பாக்கி.

"ஒரு பொட்டுகூட இல்ல."

"இல்லடி."

"அப்பன் அப்பிடிக் கெடக்காரு, அக்காக்காரி அப்பிடிக் கெடக்கா. நடுவுல இவன் மட்டும் வழுவழுன்னு."

"அவங்கம்மா குடுத்ததுடி. அவளுக்கு மூணு வயசுல வந்தது."

மேளம் நின்றிருந்தது. மண்டபத்தில் யாரோ மைக்கில் பந்திக்குக் கூப்பிட்டார்கள். ரத்தத்தில் தேதி போட்டிருக்கா என்று கேட்பார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

"சரிக்கா" என்றார் சின்னத்தை. "முத்துதான்."

கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து, ஆசை தீர ஒரே ஒரு தரம் சொறிந்துகொண்டேன்.